மணல் ஈயும் பட்டாளமும்

நோய்களுக்குப் பெயர் வைத்தவர் யார் என்று ஆராயப் புகுந்தால் மருத்துவ வரலாறு மட்டுமன்றிச் சமுதாய வரலாறும் ஓரளவு புலனாகும். தோலில் நோவற்ற சிறு பருவாகத் தோன்றி, மெல்லப் பெருத்து, நடுவே குழிந்து புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாதிருந்து, ஈற்றில் அழியாத வடுவொன்றை விட்டுச்செல்லும் நோயொன்று ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் எழுதிய நூல்களில் இதற்குப் பல பெயர்களைக் காண்கிறோம். தில்லிப் புண், பாக்தாத் புண், அலெப்போப் புண், பிஸ்க்ராப் புண், பெண்டேப் புண் என்பன யாவும் இந்த ஒரு நோயையே குறித்தன. எந்த ஊரில் தம் படை பாளையமிறங்கியதோ, எந்த ஊரில் தம் வணிகர் தங்கினரோ, அந்த ஊரின் பெயரை அவர்கள் நோயின்மேல் ஏற்றினர்.

அவ்வூர்களின் மக்கள் வைத்த பெயரோ வேறு. அலெப்போ நகரத்தார் இதனை 'ஆண்டுப் புண்' என்றனர். அந்நகரில் வாழ்ந்து 1756இல் அதன் இயற்கை வரலாற்றை நூலாக வெளியிட்ட அலெக்சாண்டர் ரஸ்ஸல் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர் இப்பெயரைக் குறித்துவைத்துள்ளார். பாரசீக மொழியிலும் ஆண்டு எனப் பொருள்படும் சொல்லின் அடியாகவே இந்நோயின் பெயர் பிறந்தது. வெளியிலிருந்து வந்தவன், தன்னை இது எங்கே பற்றியது என்று பார்த்தான். அங்கேயே பிறந்து வாழ்ந்தவன், இது எத்தனை காலம் தன்னோடிருக்கும் என்று பார்த்தான்.

இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் லீஷ்மேனியாசிஸ் என்பது. இது பிரித்தானியப் படை வைத்தியர் ஒருவரின் பெயரால் அமைந்தது. ஊர்ப்பெயர் போய்ப் படை வைத்தியரின் பெயர் வந்தமை தற்செயலன்று என்பதே எமது கருத்து. இந்நோய் பற்றிய அறிவு பெரும்பாலும் பட்டாளத்தின் பின்னாலேயே நடந்து வந்துள்ளது. பட்டாளம் நோயுற்ற பொழுது அறிவு விரைந்தது. குடியானவன் நோயுற்ற பொழுது அது படுத்துறங்கியது. விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் நாம் மறைக்கப் போவதில்லை.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். இதனைப் பரப்புவது மணல் ஈ. பெயரைக் கேட்டுக் கடற்கரை மணலில் தேடவேண்டா. ஈரக்கசிவும் உக்கிய இலைகுழையும் சாணமும் சேர்ந்த மண்ணிலே அது பெருகும். மாட்டுத்தொழுவம், கறையான் புற்று, மண்சுவரின் வெடிப்பு, மரப்பொந்து ஆகியவை அதன் உறைவிடங்கள். நுளம்பின் பருமனில் மூன்றிலொரு பங்கே அதன் உடல். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாது. நுளம்பைப்போல் காதருகே பாடுவதுமில்லை. பொழுது சாய்ந்ததும் ஓசையின்றி வந்து, தத்தித் தத்திப் பறந்து, உடையால் மறையாத முகத்திலும் கையிலும் காலிலும் கடிக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணூடாக எளிதில் நுழைந்துவிடும். கடிப்பது பெண் ஈ மாத்திரமே. அதன் குடலில் வாலுடைய நுண்ணுயிராக வளரும் ஒட்டுண்ணி, கடிவாய் வழியே மனித உடலிற் புகுந்ததும், நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கவென்று உடம்பு வைத்திருக்கும் கலங்களுக்குள்ளேயே குடியேறி, வாலை இழந்து உருண்டு, அங்கேயே பல்கிப் பெருகுகின்றது. காவற்காரனின் வீட்டிலேயே கள்ளன் குடியிருக்கும் கதை. ஒட்டுண்ணி இனங்கள் பல. சில தோலோடு நின்றுவிடும். சில மூக்கின் உட்புறத்தையும் அண்ணத்தையும் அரிக்கும். சில மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பு மச்சையிலும் புகுந்து, காலா அசார் எனப்படும் கொடிய காய்ச்சலாக உருவெடுத்து, மருத்துவமின்றேல் உயிரையே குடிக்கும். தோற்புண் தொடுவதாற் பரவுவதில்லை. ஆயினும் அப்புண் உடையோரைத் தொட அஞ்சும் வழக்கம் பல நாடுகளில் இன்னும் ஒழியவில்லை. முகத்திலே வடுவுள்ள பெண்ணின் திருமணம் அதனால் தடைப்படுவதும் உண்டு.

நுணுக்குக்காட்டி தோன்றுமுன்பே மேற்காசிய மக்கள் இந்நோய்பற்றி ஓர் அரிய உண்மையை அறிந்திருந்தனர். ஒருமுறை புண் வந்து ஆறியவருக்கு அது மீண்டும் வருவதரிது என்பதே அது. ஆகவே தாய்மார், ஆறாத புண்ணிலிருந்து சிறிது நீரெடுத்துத் தம் குழந்தைகளின் உடையால் மறையும் உறுப்பொன்றிலே கீறிவிட்டனர். அங்கே ஒரு புண் வந்து ஆறும், முகம் தப்பிவிடும். சிலவிடங்களிலே குழந்தையின் பின்புறத்தை மறைக்காது விட்டு மணல் ஈ அங்கே கடிக்கும்படி செய்தனர் என்றும் எழுதப்பட்டுள்ளது. இதனை மூடப்பழக்கமென்று கூறிவிடலாமா? இதே முறையைத்தான் 20ஆம் நூற்றாண்டிலே சோவியத் மத்திய ஆசியாவிலும் இஸ்ரேலிலும் ஈரானிலும் ஆய்வுகூடங்களிலே செம்மைப்படுத்திக் கையாண்டனர். 1980களில் ஈராக்குடன் நடந்த போரின்போது ஈரான் இலட்சக்கணக்கானோருக்கு உயிருள்ள ஒட்டுண்ணியைக் கையிலே ஏற்றியது. முதலில் ஏற்றப்பெற்றவருட் பெருந்தொகையினர் சிப்பாய்கள் என்பதையும் ஈண்டு குறித்துக்கொள்வோம். சிலருக்கு ஏற்றிய இடத்துப் புண் நெடுங்காலம் ஆறாது துன்புறுத்தியமையால் அம்முறை பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. தாய்மாருக்கோ விஞ்ஞான வரலாற்றில் ஒரு பெயரும் இல்லை.

இனி, ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்ட கதைக்கு வருவோம். 1857க்குப் பின்னர் வடஇந்திய நகரங்களிலே பிரித்தானியப் படைகள் நிலையாகத் தங்கின. தில்லிப் புண் அப்படையினரை வருத்தியது. 1885இல் கல்கத்தாவிலே டேவிட் கனிங்ஹாம் அப்புண்ணின் தசையை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதனுள் விசித்திரமான சிறு உருண்டைகளைக் கண்டு எழுதினார். அவை யாவை என்பதைச் சரியாக உணர்ந்தாரல்லர். உணர்ந்தவர் பியோத்தர் பொரோவ்ஸ்கி. இவரும் படை வைத்தியரே. சார் மன்னரின் படைகள் 1865இல் கைப்பற்றிய தாஷ்கெந்து நகரின் இராணுவ வைத்தியசாலையிற் கடமையாற்றியவர். ஆங்கே அந்நோய் 'சார்த்தர் புண்' எனப்பட்டது. சார்த்தர் என்பது ஆள வந்தோர் நகரத்துச் சுதேச மக்களுக்கு வழங்கிய பெயர், மதிப்பான பெயரன்று. 1898இல் பொரோவ்ஸ்கி, இப்புண்ணுக்குக் காரணம் பக்ரீரியா அன்று, ஒருகல விலங்குயிரே என்று தெளிவாக எழுதினார். எழுதியது ருஷ்ய மொழியிலே, இராணுவ மருத்துவச் சஞ்சிகையொன்றிலே.

மேற்குலகம் அதனைப் படிக்கவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1903இல், பொஸ்ரன் நகரிலே ஜேம்ஸ் ஹோமர் ரைற் என்பவர், ஆர்மீனியாவிலிருந்து வந்த சிறுமி ஒருத்தியின் புண்ணிலே அதே ஒட்டுண்ணியைக் கண்டு ஆங்கிலத்தில் எழுதினார். கண்டுபிடிப்பு அவருடையதென்றே நெடுங்காலம் நூல்கள் கூறின. 1938இல் ஹோர் என்ற ஒட்டுண்ணியியலாளர் பழைய ருஷ்யக் கட்டுரையை எடுத்துக்காட்டிய பின்னரே பொரோவ்ஸ்கிக்கு உரிய இடம் கிடைத்தது. அவரோ 1932இல் இறந்துவிட்டார். தாய்மொழியில் எழுதப்படும் விஞ்ஞானம் உலகத்தைச் சென்றடையாது என்று வாதிடுவோர் இக்கதையைத் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். நாம் அதனை மறுபுறமாகப் பார்க்கிறோம். ருஷ்ய மொழியில் எழுதப்பட்டமையால் அக்கட்டுரையின் உண்மை குறையவில்லை. படியாதவரே ஐந்தாண்டு பின்தங்கினர்.

1903 என்ற அதே ஆண்டிலேதான் லீஷ்மன், டொனோவன் என்னும் இருவரின் பெயரும் வந்து சேர்கின்றன. கல்கத்தாவுக்கருகே டம்டம் என்ற இடத்திலே பிரித்தானியப் படைமுகாம் ஒன்று இருந்தது. உடலுட் புகுந்ததும் விரிந்து சிதைக்கும் கொடிய துப்பாக்கிக் குண்டுக்குப் பெயர் கொடுத்த அதே டம்டம். அங்கே காய்ச்சலுற்று இங்கிலாந்துக்குத் திரும்பி, நெற்லி இராணுவ வைத்தியசாலையில் 1900இல் மாண்ட சிப்பாய் ஒருவனின் மண்ணீரலிலே வில்லியம் லீஷ்மன் அச்சிறு உருண்டைகளைக் கண்டார். அதனை 1903இல் வெளியிட்டார். அடுத்த சில வாரங்களிலே சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையிற் பணிபுரிந்த சார்ள்ஸ் டொனோவன், தம்மிடம் வந்த இந்திய நோயாளரின் மண்ணீரலில் அவற்றையே கண்டதாக அறிவித்தார். எவர் முந்தியவர் என்ற பிணக்கு எழுந்தது. மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற றொனால்ட் றொஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டொனோவனி' என்று பெயர் சூட்டிப் பிணக்கைத் தீர்த்தார். நெற்லியில் இறந்த சிப்பாய்க்கும் சென்னையில் ஊசி குத்தப்பெற்ற ஏழைகளுக்கும் அந்தப் பெயரிடு விழாவிலே இடமில்லை. லீஷ்மனும் டொனோவனும் திறமையற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. இன்றும் புண்ணிலிருந்து எடுத்த துளியைச் சாயமேற்றிப் பார்க்க உதவும் சாயங்களுள் ஒன்று லீஷ்மன் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயின் ஓர் உண்மை கவனிக்கற்பாலது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே காலா அசார் அசாமின் பிரமபுத்திராப் பள்ளத்தாக்கு வழியே ஊரூராகப் பரவியது. 1891க்கும் 1901க்கும் இடையே நௌகொங் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. அந்தக் கிராமங்கள் அழிந்த வேளையிற் புலப்படாத ஒட்டுண்ணி, டம்டம் சிப்பாயின் சவத்திலேயே புலப்பட்டது.

மணல் ஈயே காவி என்பதை மெய்ப்பிக்க மேலும் பல்லாண்டுகள் சென்றன. 1921இல் அல்ஜீரியாவிலே செர்ஜென்ற் சகோதரர், பிஸ்க்ராவிற் பிடித்த மணல் ஈக்களை நசுக்கித் தோலிலே தேய்த்துப் புண்ணை உண்டாக்கிக் காட்டினர். கடியினால் தொற்றுமா என்பது அப்பொழுதும் வெளியாகவில்லை. கூட்டிலடைத்த ஈக்கள் மறுமுறை கடிக்குமுன் இறந்தன, அன்றிக் கடித்தும் தொற்றவில்லை. 1940இல் கல்கத்தாவிலே ஸ்மித், ஹால்தர், அகமது ஆகிய மூவர், இரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்ந்த முந்திரிகைப் பழத்தை உணவாகக் கொடுத்துப் பார்த்தனர். ஒட்டுண்ணி ஈயின் தொண்டை அடைபடும் அளவுக்குப் பெருகியது! அந்தப் பழத்தின் துணையால் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் ஆகியோர் 1942இல் அசாமிலே தாமாக முன்வந்த மனிதர்களை ஈக்களுக்குக் கடிக்கக் கொடுத்துக் காலா அசார் தொற்றும் வழியை ஐயமற நிறுவினர். தோற்புண்ணைப் பொறுத்தவரை, ஈயின் உணவிலே உப்பைச் சேர்த்து ஜெரூசலத்தில் அட்லரும் பேரும் 1941இல் வெற்றி கண்டனர். அதே ஆண்டிலே சோவியத் அறிஞராகிய லற்றிஷெவும் கிரியுக்கோவாவும், துர்க்மெனியப் பாலைவனத்திலே வளை தோண்டி வாழும் ஒருவகை எலியே அங்குள்ள ஒட்டுண்ணிக்குத் தாயகம் என்றும், அவ்வளைகளிலேயே மணல் ஈயும் வாழ்கின்றது என்றும் காட்டினர். குடியிருப்புகளைச் சூழ்ந்த வளைகளை அழித்து நோயைக் குறைக்கும் வேலை அங்கே நடந்தது. மருந்தைவிட மண்வெட்டியே அவ்விடத்தில் மிகுந்த பயன் தந்தது எனலாம்.

மருந்தின் வரலாறு துயரமும் பெருமையும் கலந்தது. கண்ணுக்கு மை தீட்ட நம் முன்னோர் பயன்படுத்திய அஞ்சனக்கல்லிலே உள்ள உலோகம் அந்திமனி. அதன் உப்பொன்றை 1912இல் பிறேசில் நாட்டு இளைஞர் காஸ்பர் வியானா, மூக்கையும் வாயையும் அரிக்கும் கொடிய வகைக்கு ஊசிமூலம் ஏற்றிக் குணப்படுத்தினார். இரண்டாண்டு கழித்துச் சவப் பரிசோதனையொன்றின்போது காசநோய் தொற்றி இறந்தார். வயது முப்பதைத் தாண்டவில்லை. அவர் கையாண்ட உப்பு நஞ்சுத்தன்மை மிக்கது. அதிலும் தீங்கு குறைந்த ஒன்றைத் தேடியவர் வங்காளத்து உபேந்திரநாத் பிரமச்சாரி. கல்கத்தாவிலே ஏழைகள் நாடிவரும் கம்பெல் ஆஸ்பத்திரியின் சிறிய அறையொன்றிலே, மின்விளக்கோ தண்ணீர்க் குழாயோ வாயு அடுப்போ இன்றி, இரவிலே மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் வேலை செய்தார். 1920இல் 'யூரியா ஸ்ரிபமின்' பிறந்தது. அசாமிலும் வங்காளத்திலும் எண்ணற்ற உயிர்களை அது காத்தது. காய்ச்சல் மாறியவரின் தோலிலே பின்னர் தோன்றும் தழும்புகளிலும் அதே ஒட்டுண்ணி மறைந்திருப்பதை 1922இல் எடுத்துரைத்தவரும் அவரே. மேலே நாம் கூறிய விதிவிலக்கு இவர்தாம். பட்டாளத்துக்காக அன்றி, ஆஸ்பத்திரித் திண்ணையிலே காத்திருந்த மக்களுக்காகவே அந்த அறையில் விளக்கு எரிந்தது.

அதன் பின்னர் நடந்ததென்ன? 1940களில் சோடியம் ஸ்ரிபோகுளுக்கோனேற்று என்ற மேம்பட்ட அந்திமனி மருந்து வந்தது. இன்றுவரை உலகின் பல பாகங்களிலே முதன்மை மருந்து அதுவே. பிற்காலத்திற் சேர்ந்த மருந்துகளின் பிறப்பை நோக்குங்கள். அம்போற்றெரிசின் பங்கசு நோய்க்கெனக் கண்டது. பரோமோமைசின் வேறு கிருமிகளுக்கெனக் கண்ட நுண்ணுயிர்கொல்லி. 2002இல் இந்தியாவிலே காலா அசாருக்கு அனுமதி பெற்ற, வாயால் உட்கொள்ளும் மில்ரெபோசின் முதலிற் புற்றுநோய்க்கெனச் செய்யப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு அதனைக் கொடுத்தலாகாது. இந்நோய்க்கென்றே புதிது தேட மருந்துக் கம்பனிகளுக்கு இலாபம் தென்படவில்லை. நோயாளியிடம் வடு உண்டு, வாங்கும் சக்தி இல்லை. 2003இல் அமெரிக்கப் படை ஈராக்கிற் புகுந்ததும் பாக்தாத் புண் என்ற பழம்பெயர் அமெரிக்கச் சிப்பாய்களின் வாயிலே மறுபிறவி எடுத்தது. அங்குள்ள பத்திரிகைகளும் திடீரென அதுபற்றி எழுதின. 2011இற் சிரியாவிலே போர் மூண்டு, அலெப்போவின் வீடுகள் இடிந்து, குப்பையும் இடிபாடும் குவிந்த இடங்களிலே மணல் ஈ பெருகி, அகதிகளோடு அந்நோய் லெபனான்வரை சென்றது. ரஸ்ஸல் கண்ட அதே நகர், அதே புண்.

நமது நாட்டிலே இந்நோய் இருப்பதாகவே முன்னர் எவரும் கருதவில்லை. மத்திய கிழக்கிலே கூலிவேலைக்கும் வீட்டுவேலைக்கும் போய்த் திரும்பியோர் சிலர் அதனைக் கொண்டுவந்ததுண்டு. 1992இல் அம்பாந்தோட்டை மாவட்டத்திலிருந்து, நாட்டைவிட்டு வெளியே போகாத ஒருவருக்கு அந்நோய் கண்டதாக முதலறிக்கை வந்தது. அடுத்த ஆண்டுகளிலே அதிகம் பேசப்படவில்லை. 2001ஐ ஒட்டி வடபகுதிப் போர்முனையிலே நின்ற சிப்பாய்களிடையே பலர் நோயுற்ற பின்னரே நாட்டின் கவனம் திரும்பியது. இங்கும் பட்டாளமே முன்னே வருகின்றது. அந்தச் சிப்பாய்களும் பெரும்பாலும் கிராமத்து ஏழைக் கமக்காரரின் மக்களே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயின் காட்டோரத்திற் படுத்த சிப்பாயைக் கடித்த மணல் ஈ, அதே காட்டோரத்திலே போரால் இடம்பெயர்ந்து மரத்தடியிற் படுத்த குடியானவனை விலக்கி வைத்திருக்கும் என்று எவரும் கருதார். சிப்பாய்க்குப் படை வைத்தியர் இருந்தார்.

2003இல் ஒட்டுண்ணி இன்னதெனத் துணியப்பட்டபொழுது அறிஞர் வியப்புற்றனர். தோற்புண்ணுக்குரிய இனமாகவே இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்திலே நின்றது லீஷ்மேனியா டொனோவனி! இந்தியாவிலே மண்ணீரலிற் புகுந்து உயிர்குடிக்கும் அதே இனம், சென்னை வைத்தியசாலை ஆராய்ச்சியால் டொனோவன் பெயரைப் பெற்ற அதே இனம், பாக்கு நீரிணைக்கு இப்பாலே பெரும்பாலும் தோலோடு அடங்கிநிற்கின்றது. காய்ச்சலாக உருவெடுத்த நோயாளர் சிலரும் இங்கே காணப்பட்டுள்ளனர்; ஆகவே அலட்சியம் கூடாது. 2008இல் இது அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய மாவட்டங்களிலே அது வேரூன்றியுள்ளது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நோயாளராகப் பதிவாகின்றனர்.

சிகிச்சை இலவசமே. ஆயினும் அதன் வடிவத்தைப் பாருங்கள். புண்ணின் விளிம்பிலே வாரந்தோறும் அந்திமனி ஊசி குத்தவேண்டும். கடுமையாக நோகும். பத்து வாரங்களுக்கு மேலும் நீள்வதுண்டு. அன்றாடக் கூலிக்காரனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலியில்லாத நாள். புண்ணோ நோவதில்லை, கடிப்பதுமில்லை, மருந்துதான் நோகின்றது. நான்காம் ஐந்தாம் வாரத்தில் அவன் வராது நின்றுவிட்டால் 'நோயாளியின் அசிரத்தை' என்று துண்டிலே எழுதுவது எளிது. திரவ நைதரசனாற் புண்ணை உறையவைக்கும் முறையும் உண்டு. அதுவும் பலமுறை வரவேண்டியதே. 2018இல் வெளியான இலங்கை ஆய்வொன்று வேறொரு வழியைப் பரிசோதித்தது. இவ்வொட்டுண்ணி சூட்டைத் தாங்காது. கையடக்கமான கருவியொன்றினாற் புண்ணை ஐம்பது பாகை செல்சியசு வரை முப்பது விநாடி சூடாக்கி, அம்முறையை வாராந்த ஊசியோடு ஒப்பிட்டனர். ஒரே தடவை செய்த சூட்டுச் சிகிச்சை, வாரக்கணக்கில் ஏற்றிய ஊசிக்குக் குறையாத பயன் தந்தது. நோயாளி ஒருநாள் வந்து, அன்றே திரும்பி, மறுநாள் வயலில் இறங்கலாம். பதவியாவிலும் மெதிரிகிரியவிலும் உள்ளவன் அதற்காக நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறாதவாறு, அந்தக் கருவி அவனுடைய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரவேண்டும்.